சோ கர் கரையில் ஒரு விருத்தாசலம் ஜாடி

லடாக்கின் சோ கர் உப்பேரி. ஏறக்குறைய பதினைந்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்க நிற்கிறேன், கையில் விருத்தாசலம் பீங்கான் ஜாடியோடு. கரை ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. இதை வாரி ஆட்டு முதுகில் ஏற்றி ஊர் ஊராய் விற்றவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்தவன் ஒரு கையாவது அள்ள வேண்டாமா?

"ஊறுகாய்க்கு ஆவும், நெறைய எடுத்தாங்க," என்கிறாள் மனைவி, காரை விட்டு இறங்காமல்.

நாலடி வைப்பதற்குள் வனவிலங்குக் காப்பகக் காவலர் ஓடி வருகிறார். அவருக்கும் எனக்கும் இந்தி இரவல்தான். ஆனாலும் திட்டு தெளிவாகப் புரிகிறது.

"எங்கே போறீங்க பாபுஜி?"

"உப்பெடுக்க."

"நாய்ங்களையும் கூட்டிக்கிட்டா?"

திரும்பினால் இரண்டு நாய்கள். சற்றுமுன் நான் பிஸ்கட் போட்டு வளர்த்த நட்பு. காவலர் எதிரே சதுப்பைக் காட்டுகிறார். கருங்கழுத்துக் கொக்கு ஒன்று அடைகாக்கிறது.

"நீங்க கிட்டப் போனா அது எழுந்துடும். எழுந்தா முட்டை இதுங்களுக்கு. போன வருஷம் அப்படித்தான் போச்சு."

"இப்ப என்ன செய்ய?"

"பழக்கிவிட்டது யாரு? நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க."

மிச்ச பிஸ்கட்டை ஜாடியில் போட்டுக் குலுக்குகிறேன். சாலைப் பக்கம் நடக்கிறேன். நாய்கள் பின்னால், கார் அதற்கும் பின்னால். மனைவி கண்ணாடியை இறக்குகிறாள்.

"வூட்டு நாயை வாக்கிங் கூட்டிப் போவச் சொன்னா முட்டி வலிக்குதும்பீங்க."

ஜாடியை இன்னொரு குலுக்கு குலுக்குகிறேன். திரும்பிப் பார்க்கிறேன். கொக்கு எழுந்திருக்கவில்லை.