ஒரு மிதி உயரம்

சலூன்காரரின் வலது தோள் இறுகிப்போய் நான்கு மாதமாகிறது. கை மார்பு வரை வரும். அதற்கு மேல், இரவல் வாங்கிய கை மாதிரி, மாட்டேன் என்று நின்றுவிடும். பிசியோதெரபி அறையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஐந்து பயிற்சிகளுக்குப் படம், கீழே முப்பது கட்டங்கள். காலையில் எழுந்ததும் செய்ய வேண்டும், செய்த நாளுக்கு ஒரு டிக்.

"கை ஏறலைன்னா கடையை மூட வேண்டியதுதான்" என்று மனைவி சொன்னாள். எதையும் இரண்டாம் முறை சொல்லும் ஆள் இல்லை அவள். தாளைக் குளியலறைக் கதவில் அவர் கண்ணுக்கு நேராக ஒட்டிவைத்ததோடு சரி.

முதல் மூன்று நாள் விழுந்து விழுந்து செய்தார். நான்காம் நாள் தாளுக்கு முதுகைக் காட்டினார். மறுபடி போக வேண்டிய நாள் வந்ததும், தாளைக் கிழியாமல் உரித்து எடுத்து, ஒரே மூச்சில் இருபத்தெட்டு டிக் போட்டார். நம்பும்படி இருக்கட்டும் என்று இரண்டு கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

"தினமும் செஞ்சீங்களா சார்?"

"செஞ்சேன் மேடம்."

பிசியோதெரபிஸ்ட் சின்ன வயதுப் பெண். அவர் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். ஒரு விரற்கடைகூட ஏறியிருக்கவில்லை. பயிற்சிக்கு மசியாத தோள் போலிருக்கிறது, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ஊசி போடுவதைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும் என்றாள். பாவம், தோளின் மேல் பழி விழுந்துவிட்டதே என்று இருந்தது அவருக்கு.

அன்று மதியமே, வாடிக்கையாக வரும் பஸ் டிரைவர் வந்தார். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன.

"ஏண்ணே, முடி வெட்டிக்க வந்தேனா, குழியில இறங்க வந்தேனா?"

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். டிரைவரின் நெற்றிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கை ஏறாதபோதெல்லாம் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தானும் குனிந்து குனிந்து, நான்கு மாதத்தில் கடையையே தரைக்குக் கொண்டுவந்திருந்தார். இனி இறக்க இடமில்லை.

அடுத்த வாரம் பிசியோதெரபி அறையில், நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார், டிக் எல்லாம் பொய் என்று. அவள் கோபப்படவில்லை. எதனால் விட்டுவிட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"செஞ்சா ஒரு மணி நேரத்துக்குக் கை நடுங்குது மேடம். எட்டு மணிக்குக் கடைக்கு வர்றவர் கழுத்தை என்கிட்ட குடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிறார். கத்தி என் கையில."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"செஞ்சீங்களான்னுதானே மேடம் கேட்டீங்க."

அவள் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து, அதில் 'காலையில்' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். கடையில் ஆள் வராத நேரம் எது என்று விசாரித்தாள். இரண்டிலிருந்து நான்கு வரை ஈ காக்கா வராது என்றார். ஷட்டரை இழுக்கும் கம்பு இருக்குமே, அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினால் போதும், நல்ல கை கெட்ட கையை ஏற்றிவிடும் என்றாள். ஐந்து படத்தில் மூன்றை அடித்துவிட்டாள். செய்து முடித்தபின் வரும் வலியும் நடுக்கமும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே எதுவும் கிழிவதில்லை என்று தன் தோளையே தொட்டுக் காட்டினாள். அந்த ஒரு மணி நேர நடுக்கத்தைத்தான் அவர் மூன்று நாளும் உள்ளே ஏதோ கிழிகிறது என்று நினைத்திருந்தார்.

தாள் இப்போது கடைக் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிறது. டிக்குகள் கோணல்மாணலாக, பென்சிலில் சில, பேனாவில் சில. கூட்டம் இருந்த நாட்கள் காலியாகவே கிடக்கின்றன.

ஆறு வாரம் கழித்து டிரைவர் வந்து உட்கார்ந்தார். சலூன்காரர் பெடலை ஒரு மிதி மிதித்தார். கண்ணாடியில் நெற்றிக்குக் கீழே இரண்டு கண்களும் மூக்கும் எழும்பி வந்தன.

"அட, மூக்கு வரைக்கும் வந்துட்டேனே."

"அடுத்த மாசம் வாய்" என்றார் சலூன்காரர்.

"வாய் தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன்ணே."

"இப்ப மட்டும்?" என்று சொல்லிக்கொண்டே, குனியாமல் சீப்பை எடுத்தார்.