தண்ணி கேட்ட இடம்

எங்கள் காரைக்குடிப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, 'சீவல்பட்டி பஸ்ஸு' பாட்டு இல்லாமல் இப்போது எதுவும் நடப்பதில்லை. அதைப் பாடியது சென்னைக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டியதும் பாடியதும் ஒக்கூர் வேல்பாண்டி. கீழச்சிவல்பட்டி வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்.

அவர் மனைவி மீனாள் எந்தக் காலத்தில் நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறாள்? சேலை மடிப்பு சரியாக விழ வேண்டும், பூ வைக்க வேண்டும். அதற்குள் புருஷனின் பஸ்ஸே கிளம்பிப் போய்விடும். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் பாட்டு. "சீவல்பட்டி பஸ்ஸு வந்து சீட்டியடிக்குது, சிங்காரம் போதும் புள்ள சீக்கிரமா ஏறிக்க."

நெஞ்சில் கோளாறு வந்து வேலையை விட்டு வீட்டில் கிடந்தபோது, கட்டிலில் சாய்ந்தபடி அதைச் செல்போனில் பாடி நெட்டில் போட்டார். இரண்டாவது சரணத்துக்கு நடுவே மூச்சு வாங்கியது. "மீனா, தண்ணி கொண்டா" என்று கூப்பிட்டார். செம்பை வைக்கிற சத்தமும் அதில் கேட்கும். குடித்துவிட்டு மிச்சத்தைப் பாடினார். அந்த இடத்தை வெட்டி எடுக்க அவருக்குத் தெரியாது, அப்படியே விட்டுவிட்டார்.

மாசியில் போய்ச் சேர்ந்தார். போகிறவருக்குப் பிடித்த பொருளைக் கூடவே வைத்து அடக்கம் செய்வது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் அப்பாவோடு வெற்றிலைப் பெட்டி போனது. இவருக்கு என்ன வைப்பது என்று பங்காளிகள் கேட்டபோது, மீனாள்தான் அந்தச் செல்போனை எடுத்துவந்து சட்டைப்பையில் செருகினாள். பாட்டுத்தான் நெட்டில் இருக்கிறதே என்ற தைரியம்.

அப்புறம் அந்தப் பாட்டு ஊர் சுற்றக் கிளம்பியது. மலேசியாவில் ஒருவன் கடகடவென்று வசனம்போல் பாடினான். கோயம்புத்தூரில் ஒரு பெண் கிட்டாரை வைத்துக்கொண்டு அழுகிற குரலில் பாடினாள். பஸ்ஸைத் தவறவிட்டதற்கா இத்தனை அழுகை என்று நான்கூடக் கேலி செய்தேன். கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்று மீனாளுக்குப் போன் போட்டுக் கேட்டது. "பாடிக்கிறட்டும், அவுக பேரு வெளிய தெரியட்டும்" என்றாள். அவர்கள் பாட்டு வெளியே வந்தபோது அதில் அவர் பேரே இல்லை.

ஆனால் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். தண்ணீர் கேட்ட குரலை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது ஏதோ ஸ்டைல் என்று நினைப்பு. கல்யாண வீடுகளில் அந்த இடம் வந்தால் கூட்டம் கையைத் தூக்கி விசிலடிக்கும்.

ஒருநாள் மீனாள் என் செல்போன் கடைக்கு வந்தாள். "அண்ணே, அவுக பாட்டு வர மாட்டேங்குது. என்னன்னு பாருங்க."

பார்த்தேன். கம்பெனிப் பாட்டைக் காப்பியடித்தது என்று சொல்லி வேல்பாண்டியின் வீடியோவையே நெட்டிலிருந்து தூக்கியிருந்தார்கள். சொந்தக்காரனைத் திருடன் என்று அவன் வீட்டிலிருந்தே விரட்டிய கதை. மெயில் போட்டேன், போன் போட்டேன், கத்தியும் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. தெரிந்தவர்களின் செல்போனையெல்லாம் துழாவினேன். எல்லோரிடமும் லிங்க்தான் இருந்தது, பாட்டு இல்லை.

"அப்ப, அந்தப் போனுல மட்டுந்தேன் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நாந்தேண்ணே வச்சேன். என் கையாலதேன் வச்சேன்." கடையில் ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல் அழுதாள். எத்தனையோ பேரின் போனைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன ஆவணியில் ஒக்கூரில் அவள் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். நானும் போயிருந்தேன். பந்தலில் சென்னைப் பாட்டைப் போட்டார்கள். இடைவெளி வந்ததும் கூட்டம் கையைத் தூக்கி விசிலடித்தது. மீனாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பக்கத்து மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தாள். பாட்டு மறுபடி தொடங்கியதும் எங்கே போவது என்று தெரியாமல் நடுப்பந்தலில் நின்றுவிட்டாள்.

"யாருக்கு மீனா தண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"அவுகதேன் கேட்டாக" என்றாள் மீனாள்.