ஊசித் தழும்பும் ஊர்வாயும்

இத்தாலியில், நான் படித்த பலெர்மோ நகரில், நான் தண்ணீர் குடிப்பதைக்கூட ஆட்கள் நின்று பார்ப்பார்கள். போத்தலில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். மாணவர் விடுதிக்குப் பொறுப்பான, நாங்கள் சின்யோரா என்று கூப்பிடும் இத்தாலியப் பெண்மணி ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, டாக்டரா அப்படிக் குடிக்கச் சொன்னார் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எச்சில் படக்கூடாது என்பதற்காக என்றேன். பரிதாபமாகத் தலையாட்டினார். அந்த மனுசி என்ன விளங்கிக்கொண்டார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

தொற்றுநோய் விழிப்புணர்வு என்று ஒரு கூட்டம் வைத்தார்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும். கிருமியும் பாஸ்போட் வைத்திருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஊசி போட்டார்கள். என் கை சிவந்து தடித்தது. எங்கள் நாட்டில் பிறந்த பிள்ளைக்கே தடுப்பூசி போடுவார்கள், அதனாலும் இப்படித் தடிக்கலாம் என்று தோளிலிருந்த தழும்பைக் காட்டினேன். மருத்துவர் ஒப்புக்கொண்டார். நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே படமும் சுத்தமாக வந்தது. ஆனால் அதற்குள் சின்யோரா என் அறையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

போகட்டும், நம்மவர்கள் இருக்கிறார்கள்தானே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே நகரின் பிரான்காச்சோப் பகுதியில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் வீட்டுக்குப் போனேன். விடுதியை ஏன் விட்டேன் என்று கேட்டார். ஒளிக்க என்ன இருக்கிறதென்று ஊசியிலிருந்து படம் வரை எல்லாம் சொன்னேன். அவர் மனதில் கசம், அதுதான் காசநோய், மட்டும்தான் தங்கியது.

"குறை நினையாதையும் தம்பி, வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்கினம். உம்மடை கோப்பையை வேறையா வையும்."

சின்யோரா அந்நியப் பெண், அவரை மன்னிக்கலாம். இவரை இன்றுவரை என்னால் முடியவில்லை.

நம்மவர்களில் ஒருவன் பலெர்மோவில் தும்மினால் கொழும்பு வெள்ளவத்தையில் தடிமன் என்று கதை போய்விடும். யுத்தத்தால் ஊரைவிட்டு வந்து கொழும்பில் இருந்த அம்மாவிடம் என் கசமும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. தங்கைக்குக் கல்யாணம் முற்றாகி நாளும் குறித்திருந்த நேரம். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவித் தோழனாக உள்ளே அழைத்துவருவது பெண்ணின் சகோதரன். அதற்குப் போகத்தான் நான் விடுமுறையைப் பார்த்திருந்தேன். டிக்கட் எடுக்கப் போகிறேன் என்று சொல்லத் தொலைபேசி எடுத்தேன்.

"நீ இப்ப வராதை ராசா. மாப்பிள்ளை பகுதி கதைக்கினம்."

"எனக்கு ஒண்டும் இல்லையம்மா. படமும் எடுத்துப் பாத்தாச்சு."

"ஓம், எனக்குத் தெரியும். ஊர்வாயை நான் என்னெண்டு மூடுறது?"

அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கல்யாணத்தன்று பெரியப்பாவின் மகன் தோழனாக நின்றான். நான் படிப்புச் செலவுக்காகப் பராமரித்து வந்த இத்தாலியக் கிழவரின் வீட்டில் வேலைக்கு நின்றேன். அவரைக் கதிரையில் இருத்தி, பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, காலைக் கழுவினேன். கிழவர் குனிந்து என் முகத்துக்கு நேரே இருமினார். அவருக்கு எவரும் ஊசி போட்டுப் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றக் காலையும் எடுத்து என் மடியில் வைத்தேன்.