பூஜைக்கு முன் அறுபது, பின் இருபது

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வாங்கிக் கொடுத்தவர் மாமா, அக்காவின் கணவர். அங்கே லோடிங் சூப்பர்வைசர். "நம்ம பையன் சார், நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தார். நான் சொதப்பினால் அசிங்கம் அவருக்குத்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பில் போடும் கம்ப்யூட்டர்கள் மக்கர் செய்தன. ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடிந்தது. சர்வரில் கறுப்புத் திரையைத் திறந்து, டேட்டாபேஸின் அமைப்புகளைக் காட்டச் சொல்லித் தட்டினேன். ஒரே நேரத்தில் இருபது இணைப்புதான் ஏற்கும் என்றிருந்தது. அங்கேயே அறுபது ஆக்கினேன். மறுபடி காட்டச் சொன்னேன், அறுபது என்றது. மேனேஜர் தோளில் தட்டினார். மாமா அந்தக் கதையைக் கேன்டீன் வரைக்கும் கொண்டுபோனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூஜையன்று ஆலையில் எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. சர்வரையும் அணைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். கற்பூரத் தட்டை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். நானும் பெரிய பருப்பு மாதிரி வாங்கிக் காட்டினேன்.

விடுமுறை முடிந்து ஆலை திறந்ததும் பில் மறுபடி முடங்கியது. வாசலில் லாரிகள் வரிசை கட்டின. போய்த் தட்டிப் பார்த்தால் இருபது. ஓடும்போது மாற்றியது அணைக்கும்வரைதான் நிற்கும். சர்வர் எழும்போது படிக்கிற கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும். படித்த பாடம்தான். அணைக்கப் போகிறோம் என்று தெரிந்தும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. மாமாவைக் கூப்பிட்டார். அதுவரை 'நீங்க' போட்டுப் பேசியவர், டிரைவர்கள் எதிரில், "நீ கூட்டினு வந்த ஆளுதானே? இன்னா பொறுப்பு ஏத்துக்கினே?" என்றார்.

"தப்புதான் சார். மன்னிச்சுக்கங்க" என்று மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் யார் முன்னாலும் கைகட்டி நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன்.

கோப்பில் எழுதினேன். சர்வரை அணைத்து எழுப்பி, மறுபடி காட்டச் சொன்னேன். அறுபது. இந்த முறை அதைப் பார்க்க யாரும் வரவில்லை. மாமா மட்டும் வந்து, என் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"சாமி கும்ட்டாலும் இது நிக்குமா?" என்றார்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த பூஜைக்கும் எனக்காக மேனேஜரிடம் பொறுப்பு ஏற்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திரையைப் பார்த்தபடியே, நிற்கும் என்று தலையை ஆட்டினேன்.