நாற்பத்தேழாம் பக்கம்

ஹிசாயோவைப் போல மைக்ரோஃபிலிம் எடுக்க ஜப்பானின் நாரா ஊரிலேயே இன்னொருத்தி கிடையாது. பாராட்டாகச் சொல்லவில்லை. அந்தச் சுத்தமான வேலைதான் அவளைக் கவிழ்த்தது.

எங்கள் தொல்லியல் அலுவலகத்தில் அகழாய்வு நாட்குறிப்புகளை அவள் பக்கம் பக்கமாகப் படமெடுப்பாள். சுருளைக் கழுவி, வெட்டி, ஒட்டுவது நான். நோட்டில் ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தால், அந்த இடத்தில் 'வரும்போதே இப்பக்கம் இல்லை' என்ற அட்டையில் தன் முத்திரையைக் குத்தி, அதைப் படமெடுத்துச் சேர்க்க வேண்டும். அவள் முத்திரை இருந்தால் மறுபேச்சில்லை.

அவள் தம்பி தத்சுவோ எங்களிடம் கூலிக்கு மண் வெட்டியவன். 1966இல் பழங்காலக் கிணறு ஒன்றைத் தோண்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். பக்கவாட்டு மண்ணைத் தாங்கிய பலகைகளை அவனே கழற்றிவிட்டான் என்று அலுவலகம் எழுதியது. பிணத்தை எரித்த மறுநாள் அவன் அம்மா ஒரு பெட்டி பயற்று இனிப்போடு வந்தாள்.

"என் பையனால உங்களுக்கெல்லாம் தொந்தரவாப் போச்சு. மன்னிச்சிடுங்க" என்று நெற்றி தரையில் முட்டக் குனிந்தாள். நாங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டோம்.

ஒன்பது வருஷம் கழித்து, அன்றைக்கு அங்கே குறிப்பெடுத்த உதவியாளர் எழுதிய அந்தக் கிணற்றின் நாட்குறிப்பு படமெடுக்க வந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் ஹிசாயோவின் கை நின்றுவிட்டது. 'புகைப்படத்தில் பலகைகள் அசிங்கமாகத் தெரியும், கழற்று என்றார் முரோயி. மழை ஈரம், வேண்டாம் என்றான் தத்சுவோ. திட்டு வாங்கியபின் கழற்றினான்.'

அன்றைக்குக் கிணற்றுப் பொறுப்பாளராக இருந்த அதே முரோயிதான் இப்போது எங்கள் பிரிவுத் தலைவர். சுருளைப் போட்டுப் பார்த்தவர் அவளைக் கூப்பிட்டார்.

"ஹிசாயோ-சான், இதெல்லாம் கிணத்தப் பத்தின ஆவணம். மனுசங்க சண்டை இதுல எதுக்கு? அந்த இடத்துல அட்டைய வச்சு எடுத்துடுங்க."

"பக்கம் இருக்கே, தலைவரே."

"இருக்கட்டுமே! நோட்டு எங்க ஓடிடப் போகுது? அலமாரியிலதான் கிடக்கும். உங்க வேலைய நிரந்தரமாக்குற கடிதமும் என் மேசையிலதான் கிடக்கு."

நோட்டு பத்திரமாக இருக்கும் என்று நம்பி அவள் முத்திரையைக் குத்தினாள். அவள் எடுத்திருந்த உண்மையான படத்துண்டை நான் வெட்டி அவள் கையில் கொடுத்தேன். மறுவாரமே பூஞ்சை பிடித்த காகிதங்களோடு அந்த நோட்டையும் கொளுத்திவிட்டார்கள். பட்டியல் போட்டவர் முரோயி. படமெடுத்தாகிவிட்டதே, குப்பை எதற்கு என்றார்.

"அம்மா சாகறதுக்குள்ள, உங்க பையன் மேல தப்பில்லன்னு இவங்க வாயால ஒரு தடவை சொல்லணும். அது போதும் எனக்கு" என்று என்னிடம் அழுதுவிட்டு, மேலிடத்துக்கு மனு எழுதினாள்.

விசாரிக்க வந்த அதிகாரி படத்துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்தச் சுருளோடதுன்னு எப்படித் தெரியும்? சுருள்ல 'பக்கம் இல்லை'ன்னு உங்க முத்திரை இருக்கு. அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப சொல்றீங்களா?"

ஹிசாயோ என்னைக் காட்டினாள். "இவர்தான் வெட்டினார். கேளுங்க."

முரோயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் எத்தனையோ துண்டு வெட்டுறோம். ஞாபகமில்லைங்க" என்றேன். பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. ஹிசாயோ என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் துண்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மனு பொய் என்று தள்ளப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை அவள் அம்மா கைத்தடி ஊன்றி அலுவலகத்துக்கு வந்தாள். அதே கடை, அதே பயற்று இனிப்பு.

"என் மகளால உங்களுக்கெல்லாம் தொந்தரவாப் போச்சு. மன்னிச்சிடுங்க."

குனிந்த கிழவி தானாக எழ முடியாமல் தவித்தாள். பக்கத்தில் ஹிசாயோவும் நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள்.

"பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்று முரோயி பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார்.

நான் இரண்டு தின்றேன்.