கையால் அடித்த ஐபி நம்பர்

பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவனை, எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் ஒருவரும் நினைப்பதில்லை. என்னோடு சேர்ந்து இந்தத் தொழிலில் அல்லாடும் உங்களுக்கு இது தெரியும். ஆனால் நான் நினைத்து நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள்.

பேக்கிங்கில் நின்ற பிரிண்டர்

அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனி. கட்டிங் மாஸ்டர் பழனிசாமியின் கம்ப்யூட்டரில் டிஸ்க் செத்துவிட்டது. துணி வெட்டும் அளவுகளைப் பேப்பரில் வரைந்து தருவது அந்தக் கம்ப்யூட்டர்தான். மதியத்துக்குள் வெட்டிய துணி போகாவிட்டால், பீஸ் ரேட்டில் தைக்கும் நாற்பது பேருக்கு அன்று வேலை இல்லை.

டிஸ்க் இல்லாமலே, நெட்வொர்க் கேபிள் வழியாக சர்வரிலிருந்து சிஸ்டத்தை ஏற்றப் பார்த்தேன். அதற்கு அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்கில் விலாசம் போல ஒரு ஐபி நம்பர் வேண்டும். தானாகக் கிடைக்கவில்லை. ஐம்பது என்று முடியும் நம்பரை நானே அடித்தேன். பாதி ஏறி நின்றது. மறுபடி அடித்தேன், மறுபடி நின்றது.

அப்போது பேக்கிங் செக்‌ஷன் அந்தோணியம்மாள் வந்தார். திருநெல்வேலிப் பக்கம் அவருக்கு. "நீங்க இங்க தட்டுறப்பல்லாம் அங்க என் ஸ்டிக்கர் பிரிண்டர் நின்னுருது தம்பி" என்றார். போய்ப் பார்த்தால், அந்தப் பிரிண்டருக்கும் அதே ஐம்பது! ஒரே நம்பர் இரண்டுக்கு இருந்தால் இரண்டும் நின்றுவிடும். எழுபத்து மூன்று என்று மாற்றியதும் சிஸ்டம் முழுதாக ஏறியது. கை கூப்பினேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும், அடுத்த தடவ நம்பர் போடுறதுக்கு முந்தி எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில்

கையால் அடித்த நம்பர் கரண்ட் போனால் அழிந்துவிடும் என்பதால், இரவிலும் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நான்கு நாள் கழித்து, புது டிஸ்க் வருவதற்குள், கரண்ட் போனது. அன்று என் மனைவி பிரசவ அறையில். மாஸ்டர் போன் செய்தார். நான் பிரசவ விஷயத்தைச் சொன்னதும் போனை வைக்கப் போனார். நான்தான் விடவில்லை. சும்மா நின்றால் பயம் இன்னும் கூடும் போலிருந்தது.

கீபோர்டில் உட்கார்ந்தது பீகாரிலிருந்து வந்த கட்டிங் ஹெல்ப்பர் ரஞ்சன். நான் ஒன்று, ஒன்பது, இரண்டு என்று தமிழில் சொல்ல, மாஸ்டர் இந்தியில் கத்தினார். "ஏக், நௌ, தோ... அப்புறம் பொட்டு வை ரஞ்சன், பொட்டு!" புள்ளிக்கு இந்தி வராமல் அவருக்கு அது பொட்டாகிவிட்டது. ரஞ்சனுக்கும் புரிந்துவிட்டது. கடைசி எழுபத்து மூன்றை அடித்து முடிக்கும்போது நர்ஸ் கதவைத் திறந்து, "பெண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். மாஸ்டரிடம் போனிலேயே அழுதுவிட்டேன்.

"இங்கயும் சிஸ்டம் வந்துருச்சுங்க, போனை வெச்சுட்டுப் போய்ப் புள்ளையப் பாருங்க சாமி."

புது டிஸ்க்

மறு வாரம் டிஸ்க்கோடு போனேன். அதுவரை இரவில் அணைத்துவிட்டு, தினமும் காலையில் ரஞ்சன்தான் நம்பர் அடித்துக் கம்ப்யூட்டரை எழுப்பியிருக்கிறார். செக்‌ஷனில் எல்லோரும் அவரை 'இன்ஜினியர்' என்று கூப்பிட்டார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"அண்ணா, இது போட்டா நான் திரும்ப கட்டிங் ஹெல்ப்பரா?"

நான் சரி செய்ததாகச் சொல்லப்படும் கம்ப்யூட்டர்களில் பாதியைச் சரி செய்தவர்கள் இவர்கள் மாதிரி ஆட்கள்தான், சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது.