மேடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பக்கங்கள்

மேடம் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிய அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மலேசியாவின் ஈப்போ நகரில் அவருடைய வீட்டு முன்னறைதான் அலுவலகம். திரை முழுக்கப் பதில் எழுதாத மின்னஞ்சல்கள். மேசையில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. "பிள்ளை, எனக்கு ஆக்களோட கதைக்கத்தான் தெரியும். இந்தக் குப்பை எல்லாம் இனி உம்மட பாடு" என்று சிரித்தார். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி மடித்து என் உள்ளங்கையில் வைத்தார். வீட்டுச் சாவியையே தருவதுபோல் இருந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் மெல்பர்னில். பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டு மீண்டும் வேலைக்குத் திரும்பும் பெண்கள், முதன்முறையாக மேற்பார்வையாளர் ஆகித் தடுமாறுகிறவர்கள் ஆகியோருக்கு வீடியோ அழைப்பில் பேசி வழிகாட்டும் கோச்சிங் செய்துவந்தார். நானோ சித்தியவானில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிராணியாக, எழுத்து வேலை பார்த்துக்கொண்டு இருந்தவள். தொழிற்சாலை மூடப்பட்டபின் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையே என் அலுவலகமாயிற்று. மேடத்துக்குச் சந்திப்பு நேரம் குறிப்பது, நினைவூட்டல் அனுப்புவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த என் அம்மாவுக்கு இது வேலையாகவே படவில்லை. "ஊட்டுல உக்காந்துகிட்டு யாருக்குடி நாள் பூரா மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கே?" என்பார்.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் மேடம் குரல்பதிவு ஒன்று அனுப்புவார். அந்தப் பெண் என்ன சொன்னாள், அடுத்த முறை எதைக் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கும். நான் தட்டச்சு செய்து கோப்பில் சேர்ப்பேன். பிறகு ஒருநாள் காலையில் அழைத்து, "பத்து மணிக்கு ஆர் பிள்ளை?" என்று கேட்டார். நாள்காட்டி அவர் முன்னால்தான் இருந்தது. பெயரைச் சொன்னேன். கால்மணி நேரத்தில் மறுபடி அழைத்து அதையே கேட்டார். வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து, அவர் கேட்காமலேயே, ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால் ஒரு பக்கம் தயாரித்து அனுப்பத் தொடங்கினேன். பேச வருபவரின் பெயர், பிள்ளைகளின் பெயர், போன முறை எதற்காக அழுதார், எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். "இது கையில இருந்தா எனக்கு நிம்மதி" என்றார் மேடம்.

அந்தப் பக்கங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. "மேடம் என் மகளின் பரீட்சைத் தேதியைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறார்" என்று ஒரு பெண் எழுதியிருந்தபோது, அந்தத் தேதியைப் பக்கத்தில் சேர்த்தவள் நான் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். மாதங்கள் போகப்போகப் பக்கம் நீண்டது. முதலில் தகவல்கள் மட்டும் எழுதியவள், பிறகு கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதினேன். கடைசியில் விடைபெறும்போது சொல்ல வேண்டிய வார்த்தையைக்கூட எழுதிக் கொடுத்தேன். அவர் சந்திப்பை மறந்துவிட்ட நாட்களில் இணைய இணைப்பில் கோளாறு என்று நானே காரணம் சொன்னேன். தொலைபேசியில் இருந்தபடி, "மேடம், நாற்காலியில உக்காருங்க, கண்ணாடி போட்டுக்கோங்க, இப்ப அந்தப் பச்சைப் பட்டனை அழுத்துங்க" என்று சொல்லிக் கொடுத்ததும் உண்டு. எனக்குத் தெரியாது என்று இன்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் இருந்தது. அதற்கு ஒரு பெயர் வைக்க மட்டும் பயந்தேன்.

மேடத்துக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள், நான் எதுவும் கேட்காதபோதே, "மகனுக்கு ஒண்டும் சொல்லாதையும் பிள்ளை. அவன் என்னை இந்த வீட்டை விட்டுக் கிளப்பிக் கொண்டு போயிடுவான்" என்றார். குரல் அவருடையதுபோலவே இல்லை. அதற்குப் பத்து நாள் கழித்து மகனே என்னை அழைத்தார். அம்மாவின் பேச்சில் ஏதோ மாற்றம் இருக்கிறதே, வேலையெல்லாம் சரியாகச் செய்கிறாரா என்று கேட்டார். "எல்லாம் ஓகே லா அண்ணே. ஒரு அப்பாயின்மெண்ட்கூட விட்டுப்போகல" என்றேன். அப்போது அதை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை என்பதும் அதில் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தஞ்சோங் மாலிமில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த பெண்ணிடம்தான் இந்த மூடிமறைப்பு உடைந்தது. ஒரு சந்திப்பில் அவர் தன் கணவர் விபத்தில் இறந்துவிட்டதை மேடத்திடம் சொல்லி அழுதிருக்கிறார். மேடம் அன்று குரல்பதிவு அனுப்ப மறந்துவிட்டார். நானும் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். அடுத்த சந்திப்புக்கு நான் தயாரித்த பக்கத்தில், கணவர் துணையாக இருக்கிறார், அவரைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம் என்று இருந்தது. மேடம் முகம் மலர அதையே கேட்டார். அந்தப் பெண் அழைப்பைத் துண்டித்துவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லி எழுதினார்: "மேடம் என்னை மனுஷியாகவே நினைக்கவில்லை." மேடத்தின் பெயரில் நானே மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன். "உங்கள் வார்த்தைகள் ஆறுதலாக இருக்கின்றன, மேடம்" என்று பதில் வந்தது. அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மேடத்துடையது அல்ல.

மறுநாள் காலை அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்த மேடம் பளிச்சென்று சேலை கட்டியிருந்தார். உள்ளே சுவரெங்கும் நான் அனுப்பிய பக்கங்கள், அச்சிட்டு, வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அடுப்படியிலும், கழிவறைக் கதவிலும்கூட. என்னை உட்காரவைத்துவிட்டு, "பத்து மணிக்கு நீங்கள்தானே? பொறுங்கோ" என்று அந்தத் தாள்களில் தேட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மறுபடி தாள்களைப் பார்த்தார். கடைசியில் பதற்றத்தோடு திரும்பி, "உங்கட பேப்பரைக் காணேல்லையே" என்றார். எல்லோருக்கும் பக்கம் எழுதிய நான் எனக்கு ஒன்று எழுதவில்லை.

எழுந்து வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றபடி மகனுக்கு அழைத்தேன். இரண்டு நாளில் வந்தார். மேடத்தைப் பரிசோதித்த மருத்துவர் சொன்னதை அவர்தான் என்னிடம் சொன்னார். முன்பே காட்டியிருந்தாலும் இந்த மறதி நோயை நிறுத்தியிருக்க முடியாதாம். ஆனால் எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்று மேடம் தானே முடிவெடுக்கும் தெளிவு அப்போது இருந்திருக்கும். இப்போது அது இல்லை. "உங்களுக்கு எப்பருந்து தெரியும்?" என்று கேட்டார் மகன். "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் அண்ணே" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னுடைய கோப்புகளைத் திறந்து நெடுநேரம் படித்தார். பிறகு, "ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கீங்க" என்றார். அதைவிட அவர் திட்டியே இருக்கலாம்.

வாடிக்கையாளர்களுக்கெல்லாம் முடிவுக் கடிதம் அனுப்பிக் கணக்குகளை மூடினேன். வீட்டை விற்றார்கள். அதன்பின் இன்னொரு கோச்சிடம் மூன்று மாதம் இருந்தேன். "இனிமே எனக்கு எதையும் ஞாபகம் வச்சிக்க வேணாம், நீங்க இருக்கீங்க" என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். சந்திப்புக் குறிப்புகளையாவது நீங்களே எழுதுங்கள் சார் என்று கெஞ்சினேன். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். இப்போது ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன்.

மேடம் ஈப்போவிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மெல்பர்னுக்கான விமானப் பயணத்தைத் தாங்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். மாதம் ஒருமுறை போகிறேன். பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. கஞ்சியை ஊட்டினால் வாயைத் திறப்பார். யார் ஊட்டுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. வாசலில் வருகையாளர் பதிவேடு இருக்கிறது. பெயர், நேரம், அதற்கடுத்து நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். முதல்முறை உதவியாளர் என்று எழுதினேன். அடுத்த மாதம் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டு உள்ளே போனேன். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.